ஈயம்னா எந்த ஈயம்? ஒரு சமையல் கத்திக்குப் பூண் வார்த்த கதை

"பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வண்டி வந்த காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து போன 'ஈயம்' முழுக்க அலுமினியச் சட்டிதான். ரசம் வைக்கிற ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம். பேட்டரித் தகட்டிலும் தூண்டில் குண்டிலும் இருப்பது காரீயம். மூன்றுக்கும் நம் வாயில் ஒரே பேர். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் ஒரு கத்தியில் மாட்டிக்கொண்டேன், அதில் இருந்து வெளியே வர ஏழு மாதமும் நாலு வார்ப்பும் ஆகிவிட்டது. உருகுநிலை குறைவான உலோகம்தானே, எதையாவது உருக்கி ஊற்றினால் போதும் என்று நினைக்கிற யாருக்காவது உதவும் என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

பெரம்பூரில் மொட்டை மாடியில் ஒரு சின்ன பட்டறை வைத்திருக்கிறேன். பொழுதுபோக்குதான், சனி ஞாயிறு வேலை. புதுப்பேட்டையில் வாங்குகிற லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேய்த்து, எண்ணெயில் தோய்த்துக் கெட்டியாக்கி, பிறகு 200 டிகிரியில் ரெண்டு தடவை சூடு கொடுத்து, நொறுங்காத அளவுக்குப் பதம் வைத்துக் கத்தி செய்வேன். பிடிக்கு வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் கிடைக்கிற வேங்கைத் துண்டு. கல்யாணச் சமையல் செய்கிற மாஸ்டர் ஒருவர் என்னிடம் காய் நறுக்குகிற கத்தி ஒன்று வாங்கியிருந்தார். வெட்டு நன்றாக இருக்கிறது என்றார், கூடவே ஒரு குறையும் சொன்னார்: "தம்பி, பிடி கழுத்துல வெடிப்பு விட்டுடுது. அதுல பருப்பும் கறிவேப்பிலையும் போய் உட்கார்ந்துக்குது. உலக்கைக்குப் பூண் போடற மாதிரி ஒண்ணு போட்டுக் குடேன்."

நியாயமான கேட்பு. பூண் என்றால் பிடியின் வாயை இறுக்கிப் பிடிக்கிற உலோக வளையம். பித்தளைக் குழாயை வெட்டி மாட்டலாம், ஆனால் பிடியின் வாய் உருண்டையாக இல்லை, கைக்கு ஏற்றாற்போல முட்டை வடிவத்தில் தேய்த்திருந்தேன். அதோடு பிடி ஏற்கெனவே கத்தியின் வாலில் (பிடிக்குள் போகிற ஒடுங்கின இரும்பில்) ஏறிவிட்டது, கத்தியின் அகலமான பக்கத்திலிருந்து எந்த வளையமும் நுழையாது. இந்த மாதிரி இடத்தில் வார்ப்புதான் சுலபம். மரத்தில் குழி வெட்டி, சுற்றி அட்டை கட்டி, உலோகத்தை ஊற்றினால் எந்த வடிவமாக இருந்தாலும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

முதல் வார்ப்பு, ஆனி மாதம்

பழைய இரும்புக் கடையில் போய் "ஈயம் இருக்கா?" என்று கேட்டேன். பளபளப்பான ஒரு கட்டி கொடுத்தார். 365 கிராம். பழைய கரண்டியில் போட்டு கேஸ் அடுப்பில் வைத்தால் ரெண்டு மூணு நிமிஷத்தில் தண்ணி மாதிரி ஆகிவிட்டது, ஊற்றினால் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பியது, அரம் போட்டுத் தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னியது. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷம் வேறு. அந்தச் சுலபத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும், காரீயத்துக்கு 327. ரெண்டையும் கலந்தால் ரெண்டையும் விடக் குறைவாக, 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். சீக்கிரம் உருகுகிறது என்பது பல நேரம் கலப்படத்தின் அடையாளம்.

ஆடியில் கல்யாணம் இல்லை, கத்தி சும்மா இருந்தது. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் மாஸ்டர் திரும்பி வந்தார். "பூண் கறுத்துப்போகுது தம்பி. துடைச்சா துணியில கரி மாதிரி ஒட்டுது." கத்தியை வாங்கி ஒரு வெள்ளைத்தாளில் பூணைத் தேய்த்தேன். பென்சில் கோடு மாதிரி ஒரு கோடு விழுந்தது, காரீயம் இருந்தால் விழுகிற கோடு. வயிற்றில் புளியைக் கரைத்தது, அதுவும் புளி பட்ட பூண் என்பதால் இரட்டிப்பாக. காரீயம் விஷம், புளி, எலுமிச்சை, தக்காளி எல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

தாளில் விழுகிற கோடு சந்தேகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. எடைதான் சரியான சோதனை, வீட்டிலேயே செய்யலாம். சமையலறைத் தராசில் பாதித் தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து, பூஜ்யம் காட்ட வைத்து, உலோகத்தை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். தராசு காட்டுகிற கிராம்தான் அது விலக்கிய தண்ணீர். கட்டியின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். மிச்சக் கட்டியையும் கத்தியிலிருந்து அறுத்தெடுத்த பூணையும் சேர்த்து உருக்கினேன். உருகும்போது மேலே மிதக்கிற ஏடும் அரத்தூளும் போக, முன்னால் இருந்த 365-இல் 340 கிராம் தேறியது. அது விலக்கியது 40 கிராம், அதாவது 8.5. சுத்த வெள்ளீயம் என்றால் 7.3 வரவேண்டும், சுத்தக் காரீயம் என்றால் 11.3. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40 சதவீதம் காரீயம். அதாவது கடைக்காரர் கொடுத்தது பற்றவைக்கிற 60/40 சால்டர் கட்டி. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஈயம் கேட்டேன், ஈயம் கொடுத்தார்.

அரம் போட்ட தூள்தான் அதைவிடப் பெரிய கவலை. எங்கள் மொட்டை மாடியில் அம்மா வடாம் காய வைப்பார். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் கிளம்பி மூக்கில் போகும் என்பதால், ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்து, அந்தத் துணிகளையும் உருக்கிய கரண்டியையும் தனியாகக் கட்டி ஒதுக்கினேன். "சமையலுக்கு வேணாம்னா எனக்குக் குடுடா, செடிக்கு மண்ணு அள்ளலாம்" என்று அம்மா அந்தக் கரண்டியைக் கேட்டார். அந்தச் செடி கறிவேப்பிலை. கொடுக்கவில்லை.

உருகுநிலைக்கு ஒரு தரையும் கூரையும்

இதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நான் முதலில் கேட்ட கேள்வியே தப்பு. எது சீக்கிரம் உருகும் என்று கேட்கக் கூடாது. எந்தச் சூட்டில் உருகவே கூடாது, எந்தச் சூட்டைத் தாண்டினால் கத்தி கெடும், இந்த ரெண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

தரை எங்கே என்று சமையல்கட்டைப் பார்த்தாலே தெரியும். மாஸ்டர் கத்தியைக் கொதிக்கிற சோடாத் தண்ணீரில் போட்டுக் கழுவுவார், அவசரத்தில் சூடான கடாய் விளிம்பில் சாய்த்து வைப்பார். உட்ஸ் மெட்டல் என்று ஒரு கலவை உண்டு, பாதி பிஸ்மத் என்கிற உலோகம், மிச்சம் காரீயமும் வெள்ளீயமும் காட்மியமும். 70 டிகிரியில் உருகும், அடுப்பே வேண்டாம், வெந்நீரிலேயே வார்க்கலாம். கேட்க ஜாலியாக இருக்கிறது. ஆனால் அப்போதுதான் இறக்கிய டிகாக்‌ஷனில் விட்டால் பூண் கரைந்து டம்ளருக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும், காரீயத்தோடு காட்மியம் வேறு. சமையல் கத்தி பக்கமே வரக்கூடாத கலவை. பிஸ்மத் 58, வெள்ளீயம் 42 சேர்ந்தால் 138 டிகிரி, விஷம் இல்லை. பிஸ்மத்துக்கு உறையும்போது பனிக்கட்டி மாதிரி விரிகிற குணம் இருப்பதால் இந்தக் கலவை சுருங்காமல் அச்சை நன்றாக நிரப்பும். காட்சிக்கு வைக்கிற கத்திக்கு நான் இதை எடுப்பேன். ஆனால் நொறுங்கும் தன்மை உள்ளது, கத்தி தரையில் விழுந்தால் ஓரம் உதிரும். மண்டபத்துச் சமையல்கட்டில் கத்தி விழாத நாள் கிடையாது.

கூரையைக் கத்தி முடிவு செய்கிறது. 200 டிகிரியில் பதம் வைத்த இரும்பை அதற்கு மேல் சூடாக்கினால் கடினம் குறையும். 230-ஐ ஒட்டி வைக்கோல் நிறம், 300 பக்கம் போனால் நீலம் பாயும். அப்படியானால் 232-இல் உருகுகிற வெள்ளீயமே கூரையைத் தாண்டவில்லையா என்றால், தாண்டுகிறதுதான். ஆனால் சூடு படுவது கத்தியின் கழுத்தில், அதுவும் கொஞ்ச நேரம். கழுத்து கொஞ்சம் இளகினால் நஷ்டமில்லை, அது முறியாமல் இருக்க உதவும். முனையும் வெட்டுவாயும் கை பொறுக்கிற சூட்டைத் தாண்டாமல் இருந்தால் சரி.

துத்தநாகக் கலவையையும் விடவில்லை. பழைய கார்புரேட்டர் உடம்பு, கதவுக் கைப்பிடி எல்லாம் இந்த வகைதான்: துத்தநாகத்தோடு 4 சதவீதம் அலுமினியம், 380-இலிருந்து 390-க்குள் உருகும். வெள்ளீயத்தை விடப் பல மடங்கு கெட்டி, விலையும் மலிவு. கழிவுக் கத்தி ஒன்றில் ஊற்றிப் பார்த்தேன். மரம் புகைந்தது, ஊற்றி முடிப்பதற்குள் பிடியின் வாய் கரியாகி உள்ளே தளர்ந்துவிட்டது. கத்தியில் நீல நிறம் கழுத்திலிருந்து ரெண்டு விரல் தூரம் ஏறியது, அந்த இடத்தில் அரம் சுகமாகக் கடித்தது, அதாவது கடினம் போய்விட்டது. உருகுநிலை மட்டும் இதற்குக் காரணமில்லை. ஒரு கிராம் வெள்ளீயம் உறையும்போது 59 ஜூல் வெப்பத்தை விடும், ஒரு கிராம் துத்தநாகம் 112 ஜூல். அதே பூணுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்குச் சூட்டைக் கத்தி குடிக்கிறது. இதுபோக, துத்தநாகத்தை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் வெள்ளைப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பித்தளை, அலுமினியம் பேச்சே வேண்டாம்.

ஆக நடுவில் மிஞ்சியது வெள்ளீயமும் அதன் கலவைகளும்தான்.

ஐப்பசி வார்ப்பு, கைச்சூடு

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பித்தளையைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, துணியால் ஒரே இழுப்பில் உள்பக்கம் முழுக்க வெள்ளையாக்குவார், பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். தன் பையிலிருந்து ஒரு வெள்ளீயக் குச்சியை எடுத்து என் காதருகே வைத்து வளைத்தார். நறநறவென்று ஒரு சத்தம். "முனகுது பாரு தம்பி. சுத்தமா இருந்தாத்தான் முனகும். கலப்படம் பண்ணினா வாயே திறக்காது." அவர் வாங்குகிற பாரிமுனைக் கடையையும் சொன்னார். விலை கேட்டதும் எனக்குத்தான் முனகல் வந்தது: காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். காரீய விலையில் ஒருவர் வெள்ளீயம் தருகிறார் என்றால் அது வெள்ளீயம் இல்லை, தராசே வேண்டாம். 300 கிராம் வாங்கித் தொங்கவிட்டேன், 41 கிராம் காட்டியது. 7.3. நிம்மதி.

ஆனால் ஊற்றிய நாள் ஐப்பசி அடைமழையில் ஒரு இடைவெளி. ரெண்டு வாரமாக ஊரே ஊறிக் கிடக்கிறது, வேங்கைப் பிடியும் ஊறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உலோகம் மரத்தைத் தொட்டதும் உஸ்ஸென்று சத்தம், அடுத்த நொடி அட்டையின் வாயிலிருந்து துளிகள் தெறித்தன. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், அதற்கு வெளியேற வேறு வழியில்லை. முன்னங்கையில் மிளகு அளவில் மூன்று தீக்காயம். கண்ணாடி போட்டிருந்ததால் இன்று இதை உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறியதும் அறுத்துப் பார்த்தால் உள்ளே இடியாப்பம் மாதிரி ஓட்டை.

வேறொரு நாள் மரத்தைக் காயவைத்து மறுபடி ஊற்றியதில் ஓட்டை இல்லை. ஆனால் சுத்த வெள்ளீயம் மெத்து. சோதனைக்கு இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ஒரு தடவை விட்டேன், பூணின் ஒரு மூலை அப்பளம் மாதிரி மடங்கிக்கொண்டது.

தை மாதக் கலவை

வெள்ளீயத்தைக் கெட்டியாக்க நெடுங்காலமாகச் செய்வது ஆன்டிமனி என்கிற தனிமமும் செம்பும் சேர்ப்பதுதான். மேல்நாட்டில் பியூட்டர் என்று குவளையும் தட்டும் செய்கிற கலவை இது. அந்தக் காலத்தில் அதில் காரீயம் கலந்தார்கள், இப்போது வெள்ளீயம் 92 சதவீதத்தை ஒட்டியும் மிச்சம் ஆன்டிமனியும் செம்புமாகவும் வருகிறது. ஆன்டிமனித் தூளை வாங்கி மாடியில் உருக்குகிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அதே கலவையின் அண்ணன் ஒருவன் தொழிற்பேட்டைகளில் ஏற்கெனவே இருக்கிறான்: மில் எந்திரம், பெரிய மோட்டார் பேரிங்குகளுக்குள் வார்க்கிற ஒயிட் மெட்டல். ஐசக் பாபிட் 1839-இல் கண்டுபிடித்த வகை. எனக்குக் கிடைத்த கட்டியோடு வந்த சீட்டில் வெள்ளீயம் 89, ஆன்டிமனி 7.5, செம்பு 3.5 என்று இருந்தது.

இங்கேயும் பேர்தான் வில்லன். காரீயத்தை அடிப்படையாகக் கொண்ட ஒயிட் மெட்டலும் உண்டு, கடையில் அதற்கும் இதே பேர்தான். அதனால் சீட்டைப் பார்த்தும் நம்பாமல் தொங்கவிட்டேன். 7.4 வந்தது. காரீய வகை என்றால் 10-ஐ நெருங்கியிருக்கும்.

தனியாக ஊற்றினால் அது முழுக்க இளகுவதற்கே 350 டிகிரிக்கு மேல் போக வேண்டும், மரம் தாங்காது. அதனால் ஒயிட் மெட்டல் 200 கிராம், சுத்த வெள்ளீயம் 100 கிராம் என்று சேர்த்தேன். கணக்குப்படி வெள்ளீயம் 92.7, ஆன்டிமனி 5, செம்பு 2.3. அதாவது பியூட்டரேதான், சுற்றுவழியில். ஒயிட் மெட்டலை முதலில் உருக்கி அப்புறம் வெள்ளீயத்தைப் போட்டு, காய்ந்த குச்சியால் கிளறி, மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டால் மேலே மிதக்கிற ஏடு தனியாகப் பிரியும், வழித்து எடுத்துவிடலாம். ரிச்சி தெருவில் வாங்கிய மல்டிமீட்டரில் வெப்பம் பார்க்கிற கம்பி இருந்தது, 325 டிகிரியில் ஊற்றினேன். மீட்டர் இல்லாதவர்கள் ஒரு காகிதத் துண்டை நனைத்துப் பார்க்கலாம் (உருகிய உலோகத்தில்தான், தண்ணீரில் அல்ல): பழுப்பானால் சரி, உடனே கருகினால் சூடு அதிகம்.

பிடியைத் தயார் செய்வதில்தான் உண்மையான வேலை. வெள்ளீயம் இரும்பில் தானாக ஒட்டாது, மரத்தில் ஒட்டவே ஒட்டாது, அதனால் பூட்டு வெட்ட வேண்டும். பிடியின் வாயில் ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்தைச் சுற்றிலும் இறக்கி, நீளவாக்கில் நாலு வாய்க்கால் வெட்டி, மரத்தையும் அதற்குள் இருக்கிற கத்தி வாலையும் சேர்த்துத் துளைத்தபடி 4 மில்லிமீட்டரில் ரெண்டு ஓட்டை போட்டேன். உலோகம் இந்தப் பக்கம் இறங்கி ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய்க் கைகோத்துக்கொள்ளும். உறைந்த பிறகு பிடியை உடைத்தால்தான் பூண் வரும். வெட்டி முடித்த பிடியை மூன்று நாள் தை வெயிலில் போட்டு, ஊற்றுவதற்கு முன்னால் ஓவனில் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். காய்வதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன், 6 கிராம் குறைந்திருந்தது. ஐப்பசியில் என் கையைச் சுட்டது அந்த மாதிரித் தண்ணீர்தான்.

அச்சுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. இதை விடப் பொருத்தமான கனம் வேறு எதிலும் இல்லை, வீட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை. பிடியின் வாயைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே நூலால் கட்டினேன். கத்தி மேல்நோக்கி நிற்கும்படி பிடியை வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கிற பட்டறைக் கருவியில்) மாட்டினால் அட்டை ஒரு கிண்ணம் மாதிரி கழுத்தைச் சுற்றி நிற்கும். கழுத்து இரும்பை ஹீட் கன்னால் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் இரும்பைத் தொட்ட இடத்தில் அவசரமாக உறைந்து சுருக்கம் விழும். வெட்டுவாயைச் சூடு காட்டாமல் விட்டுவிட வேண்டும். அதைக் குளிர வைக்க ஈரத்துணி சுற்றலாம் என்று தோன்றும், சுற்றாதீர்கள், ஒரு சொட்டு கிண்ணத்துக்குள் விழுந்தால் போதும். நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டது ஸ்டைலுக்காக இல்லை. சென்னையில் அடுப்பு முன்னால் குனிந்தால் நெற்றி வியர்வை நேராகக் கரண்டிக்குள்தான் விழும்.

நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில், தேவையை விட ஒரு விரல் உயரம் கூடுதலாக ஊற்றினேன். உறையும்போது மேல்பக்கம் குழியும், அந்தக் கூடுதல் உள்ளே இறங்கி நிரப்பும், மிச்சத்தை அறுத்துவிடலாம். 95 கிராம் ஊற்றியதில் அரம் போட்டு முடிந்தபின் 62 கிராம் பூண். அட்டை பழுப்பாகியிருந்தது, மரம் விளிம்பில் மட்டும் லேசாகக் கறுத்திருந்தது. கழுத்தில் வைக்கோல் நிறம், அதற்கு மேல் கத்தி பழையபடி. வெட்டுவாயில் அரம் வழுக்கியது. சிமெண்டுத் தரையில் மூன்று தடவை விட்டேன், ஒரு சின்ன சொட்டை, அவ்வளவுதான். வெள்ளைத்தாளில் தேய்த்தால் கறுப்புக் கோடு இல்லை. அரத்தூளை இந்த முறையும் முகமூடி போட்டு ஈரத்துணியால்தான் எடுத்தேன், ஆன்டிமனி உள்ளது என்பதால்.

கத்தி மாஸ்டரிடம் போய் இப்போது எட்டு மாதம். பூண் மங்கலாகிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கிறது, அவருக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு குறை உள்ளது: பூணும் இரும்பும் சேருகிற இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. உப்புத் தண்ணீர் பட்டால் வெள்ளீயமும் இரும்பும் சேர்ந்த இடத்தில் இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும், கீறல் விழுந்த தகர டப்பா துருப்பிடிப்பதும் இதனால்தான். இந்த ஒரு விஷயத்தில் துத்தநாகம் தேவலை, அது தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஊற்ற முடியாத உலோகத்தின் நல்ல குணத்தை வைத்து என்ன செய்வது. கோடு தெரிகிற இடத்தில் எபாக்ஸிப் பசையை மெல்லிசாக ஓட்டிவிட்டு, வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னேன். "அதெல்லாம் யாருப்பா செய்யறது" என்றார், ஆனால் போன மாதம் பார்த்தபோது கத்தியில் எண்ணெய் வாசம் அடித்தது.

ஈயம் பூசுகிற பெரியவர் மிச்சக் கலவையைக் கேட்டார். அதில் ஆன்டிமனி உள்ளது, பாத்திரத்துக்குள் பூச வேண்டாம் என்று சொல்லி, மூலை மடங்கின அந்தச் சுத்த வெள்ளீயப் பூணையும் இடியாப்ப ஓட்டைப் பூணையும் கொடுத்தேன். அந்த 60/40 கட்டியில் பெயிண்டால் 'காரீயம்' என்று ரெண்டு பக்கமும் எழுதி, டிவி ரிப்பேர் செய்கிற நண்பனிடம் கொடுத்துவிட்டேன்.